உளவுத் தலைவர்களின் நினைவுக்குறிப்புகள்: எதை நம்பலாம், எப்படிச் சரிபார்ப்பது?

கேட்கப்பட்ட கேள்வி இது: அமெரிக்காவின் சிஐஏ போன்ற உளவு அமைப்புகளில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர்கள் எழுதும் நினைவுக்குறிப்புகளை வரலாற்று ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாமா? அரசின் அனுமதி வாங்கித்தானே வெளியிடுகிறார்கள், அப்படியானால் உள்ளே இருப்பது உண்மையாகத்தானே இருக்க வேண்டும்?

கேள்வியின் பின்பாதியிலிருந்து தொடங்குகிறேன். வாசகர்கள் அதிகம் ஏமாறுவது அங்கேதான்.

சிஐஏவில் வேலைக்குச் சேருகிறவர் முதல் நாளே ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார். அது ஆயுளுக்கும் செல்லும். ஓய்வுக்குப் பிறகு புத்தகம், கட்டுரை, மேடைப் பேச்சு, துறை சம்பந்தப்பட்ட நாவல் எது எழுதினாலும், பதிப்பாளரிடம் கொடுப்பதற்கு முன்னால் சிஐஏவின் வெளியீட்டு ஆய்வுக் குழுவிடம் கொடுக்க வேண்டும். இந்தக் குழு பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான்: ரகசியம் ஏதாவது கசிகிறதா? எழுதியது உண்மையா என்று சரிபார்ப்பது அதன் வேலை அல்ல. இப்படிப்பட்ட புத்தகங்களின் முன்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு அறிவிப்பு இருக்கும். கருத்துகள் ஆசிரியருடையவை, அரசு இந்தத் தகவல்களை உறுதிசெய்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அதன் சாரம். புத்தகத்திலேயே மிக நேர்மையான பத்தி பல சமயம் அதுதான்.

இதன் விளைவைப் பாருங்கள். ரகசியம் அல்லாத பொய் தாராளமாக அச்சாகும். ரகசியமான உண்மை வெட்டப்படும். அந்தப் பொய்யை மறுக்கத் தேவையான ஆவணமும் ரகசியப் பெட்டிக்குள் இருந்தால், மறுக்க நினைப்பவர் வாயைத் திறக்க முடியாது.

மீறினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. சைகோனில் பணியாற்றிய ஃபிராங்க் ஸ்னெப், வியட்நாமைவிட்டு அமெரிக்கா வெளியேறிய அலங்கோலத்தை 1977-இல் அனுமதி வாங்காமல் புத்தகமாக்கினார். அதில் ரகசியத் தகவல் இருக்கிறது என்று அரசே வாதிடவில்லை. ஆனாலும் 1980-இல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சுமார் 1,40,000 டாலர் வருமானம் அரசு கணக்குக்குப் போயிற்று. அதற்கு முன்பே விக்டர் மார்க்கெட்டியின் புத்தகத்தில் 339 இடங்களை நீக்கச் சொல்லி, வழக்குக்குப் பிறகு அது 168 ஆகக் குறைந்தது. அந்த இடங்களை வெள்ளையாகவே விட்டு 1974-இல் அச்சிட்டார்கள். தலைமையைக் குறைகூறும் கையெழுத்துப் பிரதி இந்தக் குழுவிடம் படும் பாடும், தலைமையே எழுதும் பிரதி படும் பாடும் ஒன்றல்ல. ஒரே சம்பவத்தைப் பற்றிய இரண்டு புத்தகங்களைப் பக்கத்தில் வைத்தால் இது கண்ணுக்கே தெரியும்.

அல்-கைதாவைச் சேர்ந்தவர் என்று சொல்லப்பட்ட அபு சுபைதா 2002 மார்ச் 28 அன்று பாகிஸ்தானின் ஃபைசலாபாத்தில் குண்டடிபட்டுப் பிடிபட்டார். தாய்லாந்தில் இருந்த ரகசியச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார். முதலில் அவரை விசாரித்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் உள்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் அலி சூஃபான், அரபி சரளமாகப் பேசக்கூடியவர். வதை இல்லாமலே தகவல் கிடைத்தது என்பது அவர் நிலைப்பாடு. அவருடைய 2011 புத்தகத்துக்கு எஃப்பிஐ அனுமதி கொடுத்த பிறகு சிஐஏ குறுக்கே வந்து பக்கம் பக்கமாகக் கறுப்பு அடித்தது. எந்த அளவுக்கு என்றால், விசாரணையைச் சொல்லும் அத்தியாயங்களில் 'நான்', 'என்னை' என்ற சொற்கள்கூடக் கறுப்பாயின. அந்த அறையில் அவர் இருந்ததை அதற்கு முன்பே செனட் விசாரணையில் பகிரங்கமாகச் சொல்லியிருந்தார். அடுத்த ஆண்டு, 2012 ஏப்ரலில், சிஐஏவின் ரகசிய நடவடிக்கைப் பிரிவுத் தலைவராக இருந்த ஹோசே ரோட்ரிகஸ் சிஐஏ அபு சுபைதா மேல் பின்னால் கையாண்ட கடும் விசாரணைத் திட்டத்தை ஆதரித்து எழுதிய புத்தகம் வந்தது. அதில் 'நான்', 'நாங்கள்' எல்லாம் பளிச்சென்று இருக்கின்றன. கறுப்பு மை எந்தப் பக்கம் கொட்டியிருக்கிறது என்பதும் ஒரு ஆதாரம்தான்.

சரி, யார் சொல்வது உண்மை? இதற்கு நம்பிக்கை, அவநம்பிக்கை எதுவும் வேண்டாம். ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டால் போதும். முதல் கட்டத்தில் தகவல், இரண்டாவதில் அது எந்தத் தேதியில் கிடைத்தது, மூன்றாவதில் எந்தத் தேதியில் எந்த முறை கையாளப்பட்டது, நான்காவதில் இதைச் சொல்வது எந்த ஆவணம். அபு சுபைதா விஷயத்தையே போட்டுப் பார்க்கலாம்.

செப்டம்பர் 11 தாக்குதலின் சூத்திரதாரி காலித் ஷேக் முகமதுதான், அவருடைய பட்டப்பெயர் 'முக்தார்' என்று அபு சுபைதா சொன்னது 2002 ஏப்ரலில், காயத்துக்குச் சிகிச்சை பெற்ற நாட்களில். ஹோசே பாடில்லா என்ற அமெரிக்கரைக் கண்டுபிடிக்க உதவிய தகவலும் அதே ஏப்ரலின் மூன்றாவது வாரத்தில் வந்தது. பாடில்லா சிகாகோ விமான நிலையத்தில் கைதானது மே 8. பிறகு ஜூன் 18 முதல் 47 நாள் அபு சுபைதாவை யாரும் எதுவும் கேட்காமல் தனிமையில் வைத்தார்கள். கடும் முறைகளுக்கு நீதித்துறை (நீதிமன்றம் அல்ல, அரசின் ஓர் அமைச்சகம்) எழுத்தில் ஒப்புதல் கொடுத்தது ஆகஸ்ட் 1. முகத்தில் துணியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூச்சுத் திணறவைக்கும் வாட்டர்போர்டிங் தொடங்கியது ஆகஸ்ட் 4. அந்த மாதம் மட்டும் 83 முறை.

இப்போது 2005 மே 30 தேதியிட்ட நீதித்துறைக் குறிப்பை எடுங்கள். கடும் முறைகளைக் கையாண்ட பிறகே பாடில்லா பற்றிய தகவல் கிடைத்தது என்று சிஐஏ கொடுத்த விவரத்தின் அடிப்படையில் அது சொல்கிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைகூட அல்ல இது. பழம் விழுந்து மூன்று மாதம் கழித்துத்தான் காக்கையே வந்து உட்கார்ந்திருக்கிறது. ஏப்ரலிலேயே அவரைத் தூங்கவிடாமல் வைத்திருந்தோம், அதுவும் கடும் முறைதான் என்பது சிஐஏ பின்னால் கொடுத்த பதில். பதிலைக் கவனியுங்கள்: வாட்டர்போர்டிங்குக்காகத் தொடங்கிய வாதம் சத்தமில்லாமல் தூக்கமின்மைக்கு இடம் மாறிவிட்டது. நான்கு கட்டத் தாள் இல்லாவிட்டால் இந்த இடமாற்றம் கண்ணில் படாது.

பின்லேடனின் செய்திகளைச் சுமந்துசென்ற தூதரைப் பற்றிய தகவலுக்கும் இதே சோதனையைச் செய்யலாம். ஹசன் குல் என்பவர் 2004 ஜனவரியில் பிடிபட்டார். ரோட்ரிகஸ் போன்றவர்கள் இவரைத் தங்கள் திட்டத்தின் வெற்றியாகக் காட்டுகிறார்கள். செனட் புலனாய்வுக் குழு 2014 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கைச் சுருக்கமோ, கடும் முறைகள் தொடங்கும் முன்பே, இரண்டு நாளில், 21 உளவு அறிக்கைகளுக்கான தகவலை அவர் கொடுத்திருந்ததாகவும், தூதர் பற்றிய முக்கியமான பகுதி அதில்தான் இருந்ததாகவும் சொல்கிறது.

அந்தச் செனட் அறிக்கையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை. அது ஜனநாயகக் கட்சிப் பெரும்பான்மை தயாரித்தது. குழுவினர் சிஐஏ அதிகாரிகளை நேரில் விசாரிக்கவில்லை, ஆவணங்களை மட்டுமே படித்தார்கள். முழு அறிக்கை 6,700 பக்கத்துக்கு மேல், வெளியானது சுமார் 500 பக்கச் சுருக்கம் மட்டும். ஆனால் அதன் பலம் அடிக்குறிப்புகளில் இருக்கிறது. எந்த நாள், எந்தத் தந்தி என்று சொல்லிவிட்டுத்தான் பேசுகிறது. நினைவுக்குறிப்பு எழுதுகிறவர் 'அந்த வாக்கில்', 'சில வாரங்களில்' என்று எழுதும் இடத்தில் இது தேதி தருகிறது.

அடுத்த சோதனை: எழுதுகிறவர் அந்த அறையில் இருந்தாரா? சிஐஏ அதிகாரி ஜான் கிரியாக்கோ, அபு சுபைதாவைப் பிடித்த அணியில் இருந்தவர். 2007 டிசம்பரில் தொலைக்காட்சிப் பேட்டியில், ஒரே முறை, 30-35 விநாடி வாட்டர்போர்டிங்கிலேயே அவர் எல்லாவற்றையும் கக்கத் தொடங்கிவிட்டார் என்ற பொருளில் சொன்னார். நாடு முழுக்க அது பரவியது. 83 முறை என்ற கணக்கு வெளியானது 2009 ஏப்ரலில். 2010-இல் வந்த தன் புத்தகத்தின் கடைசிப் பகுதியில் கிரியாக்கோ, தான் அங்கே இல்லை, தலைமையகத்தில் கேட்டதையும் படித்ததையும்தான் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டார். அவர் பொய் சொல்லத் திட்டமிட்டார் என்று நான் நினைக்கவில்லை. உள்ளே சுற்றிய கதையை நம்பினார், அவ்வளவுதான். ஆனால் 'உள்ளே இருந்தவர்' என்ற முத்திரை, கேள்விப்பட்டதையும் கண்ணால் கண்டதாக மாற்றிவிடுகிறது. 'எங்களுக்குத் தகவல் வந்தது', 'தெரியவந்தது' என்ற வினைகள் வரும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கூடவே, மேற்கோள்குறிக்குள் நீளமான உரையாடல் வந்தால் அதற்குக் குறிப்பேடு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். வேலைக்காலக் காகிதங்களை அவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. பத்து வருஷம் முன்பு பேசியதை வரிக்கு வரி நினைவு வைத்திருப்பவர் உலகத்தில் குறைவு.

நோக்கம் பற்றிய வாக்கியங்கள்தான் மிகச் சிக்கலானவை. அபு சுபைதாவையும் இன்னொரு கைதியையும் விசாரித்த 92 வீடியோ நாடாக்களை 2005 நவம்பரில் அழிக்க உத்தரவிட்டவர் ரோட்ரிகஸ். நாடாவில் முகம் தெரியும் ஊழியர்களின் உயிரைக் காப்பாற்றவே செய்தேன் என்கிறார். 2010-இல் வெளியான சிஐஏ உள் மின்னஞ்சல் ஒன்று, அழித்த மறுநாள் எழுதப்பட்டது, வேறொரு காரணத்தையும் அவர் வாயிலாகவே பதிவுசெய்கிறது: இந்த நாடாக்கள் வெளியே வந்தால் நம்மைப் பயங்கரமாகக் காட்டும், அழித்ததால் வரும் சூடு அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. முகத்தை மறைப்பதுதான் நோக்கம் என்றால் படத்தில் முகத்தை மட்டும் மறைக்கலாமே என்ற எளிய கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். இன்னொன்று: சிஐஏவுக்குள் நடக்கும் தவறுகளை விசாரிக்கும் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2003-இல் இந்த நாடாக்களைப் பார்த்தபோதே 11 நாடாக்கள் வெறுமையாக இருந்தன, 21 மணி நேர விசாரணை பதிவிலேயே இல்லை என்று 2004 அறிக்கையில் எழுதியிருக்கிறது.

அழித்தது நான்தான் என்று துணிச்சலாக ஒப்புக்கொள்கிறாரே, அதுவே நேர்மை அல்லவா என்று கேட்கலாம். தனக்குப் பாதகமான வாக்குமூலத்துக்கு எடை அதிகம் என்பது சரியான விதி. ஆனால் அச்சான நாளில் அந்த வாக்குமூலத்துக்கு விலை இருந்ததா என்று பாருங்கள். சிறப்பு வழக்கறிஞர் 2010 நவம்பரில் நாடா அழிப்புக்காக யார் மேலும் வழக்கு இல்லை என்று முடித்துவிட்டார். புத்தகம் 2012-இல் வருகிறது. அதற்குப் பிறகு அந்த ஒப்புதல் பாதகம் அல்ல, பதக்கம்.

ஜார்ஜ் டெனட் 1997 முதல் 2004 வரை சிஐஏ தலைவர். 2007 ஏப்ரல் இறுதியில் வெளியான அவர் புத்தகம் இந்த வகைக்குப் பாடநூல் மாதிரி. முதல் காட்சியே இடறுகிறது. 2001 செப்டம்பர் 12 அன்று வெள்ளை மாளிகை வாசலில், இராக் போரை ஆதரித்த பாதுகாப்பு ஆலோசகர் ரிச்சர்ட் பெர்லைச் சந்தித்ததாகவும், இராக் இதற்கு விலை கொடுக்க வேண்டும் என்று அவர் சொன்னதாகவும் எழுதுகிறார். பெர்ல் அன்று பிரான்சில் இருந்தார், விமானங்கள் நின்றுபோனதால் அவரால் திரும்பவும் முடியவில்லை. தேதி தவறியிருக்கலாம் என்று டெனட் பிறகு ஒப்புக்கொண்டார். தேதி இரண்டு நாள் தள்ளிப்போனால் என்ன என்று தோன்றும். ஆனால் அந்தக் காட்சி முதலில் வைக்கப்பட்டதே அந்தத் தேதிக்காகத்தான்: தாக்குதலின் மறுநாளே இராக் போரை வேறு யாரோ முடிவுசெய்துவிட்டார்கள், நான் இல்லை.

பிறகு அந்தப் பிரபலமான 'ஸ்லாம் டங்க்'. கூடைப்பந்தில் வளையத்துக்கு மேலேயே எழும்பிப் பந்தை உள்ளே அழுத்துவது, தப்பவே தப்பாது என்று பொருள். இராக்கிடம் பேரழிவு ஆயுதம் இருப்பதற்கான ஆதாரம் அப்படிப்பட்டது என்று 2002 டிசம்பர் 21 அன்று அதிபர் அறையில் டெனட் சொன்னதாக 2004-இல் வெளியானது. டெனட்டின் விளக்கம்: ஆயுதம் இருப்பது உறுதி என்று சொல்லவில்லை, மக்களிடம் வைக்கும் வாதத்தை இன்னும் பலப்படுத்தலாம் என்றுதான் சொன்னேன். இந்த விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் என்ன மிஞ்சுகிறது? உளவுத்துறைத் தலைவர் போருக்கு விளம்பரம் தயாரிக்கும் கூட்டத்தில் உட்கார்ந்து, நன்றாக விற்கலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறார். தற்காப்புக்காகச் சொன்ன விளக்கம் குற்றச்சாட்டைவிடக் கனமாக இருக்கும் இடங்கள் இந்தப் புத்தகங்களில் நிறைய. அவற்றுக்காகவே படிக்கலாம்.

'கர்வ்பால்' விவகாரத்தில் இரண்டு நினைவுக்குறிப்புகள் நேருக்கு நேர் மோதுகின்றன. இராக்கில் நடமாடும் உயிரியல் ஆயுதக் கூடங்கள் இருப்பதாக ஜெர்மனியில் தஞ்சம் புகுந்த ஒரு இராக்கியர் சொன்ன கதை அது. அவருக்கு வைத்த ரகசியப் பெயர்தான் கர்வ்பால். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா.வில் இதை வைத்துப் பேசியபோது டெனட் அவர் பின்னாலேயே உட்கார்ந்திருந்தார். முந்தின இரவு தொலைபேசியில் டெனட்டை எச்சரித்ததாக ஐரோப்பியப் பிரிவின் தலைவர் டைலர் டிரம்ஹெல்லர் 2006 புத்தகத்தில் சொல்கிறார். அப்படி எந்த எச்சரிக்கையும் நினைவில் இல்லை என்கிறார் டெனட். இரண்டு நினைவுகளை எடைபோட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். இராக் ஆயுதம் பற்றிய உளவுத் தவறுகளை ஆராய்ந்து 2005 மார்ச்சில் வந்த சில்பர்மன்-ராப் ஆணைய அறிக்கையில், 2002 டிசம்பரிலேயே இந்த ஆளை நம்பலாமா என்று சிஐஏவுக்குள் நடந்த சண்டை மின்னஞ்சல்களோடு பதிவாகியிருக்கிறது. அப்போது கேள்வி 'அந்த இரவு என்ன பேசினார்கள்' என்பதிலிருந்து, 'இரண்டு மாதமாக உள்ளே ஓடிய சண்டை தலைவர் மேசைக்கு ஏன் போகவில்லை' என்பதற்கு மாறும். கர்வ்பால் 2011-இல் தானே பொய் சொன்னதாக ஒப்புக்கொண்டார்.

புத்தகம் வந்த பிறகு வெளியான ஆவணத்தை வைத்துத் திரும்பப் படிப்பது எப்போதும் பலன் தரும். டெனட் தன் முன்யோசனைக்குச் சான்றாகக் காட்டுவது, அல்-கைதாவோடு நாம் போரில் இருக்கிறோம் என்று 1998 டிசம்பரில் எழுதிய குறிப்பு. புத்தகம் கடைக்கு வந்து நான்கு மாதம் கழித்து, 2007 ஆகஸ்டில், சிஐஏ தலைமை ஆய்வாளரின் அறிக்கைச் சுருக்கம் வெளியானது. அந்தக் குறிப்புக்குப் பிறகு முழுமையான திட்டம் எதுவும் உருவாகவில்லை என்கிறது அது. செப்டம்பர் 11 விமானக் கடத்தல்காரர்களில் இருவரைப் பற்றிய தந்திகளை 2000-லேயே 50 முதல் 60 ஊழியர்கள் படித்திருந்தும் கண்காணிப்புப் பட்டியலில் பெயர் ஏறவில்லை என்றும் சொல்கிறது.

அட்டையில் பொடியாக இருக்கும் இணை ஆசிரியர் பெயரையும் பார்த்துவிடுங்கள். டெனட் புத்தகத்தில் பில் ஹார்லோ. ரோட்ரிகஸ் புத்தகத்தில் பில் ஹார்லோ. துணைத் தலைவர் மைக்கேல் மோரெல் 2015-இல் எழுதியதிலும், விசாரணை முறைகளை வடிவமைத்த உளவியலாளர் ஜேம்ஸ் மிட்செல் 2016-இல் எழுதியதிலும் அவரே. ஹார்லோ டெனட் காலத்துச் சிஐஏ செய்தித் தொடர்பாளர். நான்கு சாட்சிகள் ஒரே மாதிரிச் சொல்கிறார்களே என்று வியக்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

இந்தியாவில் நிலைமை இன்னும் இறுக்கம். 2007-இல் நம் வெளிநாட்டு உளவு அமைப்பான 'ரா'வைப் பற்றி இரண்டு புத்தகங்கள் வந்தன. ஓய்வுக்குப் பின் சென்னையில் வாழ்ந்த பி. ராமன் எழுதியது குறைகளையும் சொன்னது, ஆனால் முதல் தலைவர் ஆர்.என். காவ் மீதும் அமைப்பின் மீதும் பாசத்தோடு எழுதப்பட்டது. அதன்மேல் நடவடிக்கை இல்லை. மேஜர் ஜெனரல் வி.கே. சிங் கருவிக் கொள்முதல் முறைகேடுகளையும் கணக்குக் கேட்க ஆளில்லாததையும் எழுதினார். அவர் வீட்டில் சிபிஐ சோதனை, 1923-ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டத்தில் வழக்கு. 2021 மே 31 அன்று ஓய்வூதிய விதி திருத்தப்பட்டது. தகவல் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ள, 'ரா' போன்ற உளவு, பாதுகாப்பு அமைப்புகளிலிருந்து ஓய்வுபெற்றவர்கள், துறை சார்ந்து எதை வெளியிடவும் அமைப்பின் தலைவரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும், மீறினால் ஓய்வூதியமே போகலாம். ரகசியம் எது என்று முடிவுசெய்பவர் அந்தத் தலைவர்தான். இனி வரும் இந்தியப் புத்தகங்களை, இந்தத் தேதிக்கு முன் எழுதியதா பின் எழுதியதா என்று பார்த்துவிட்டுத் திறப்பது நல்லது.

இவ்வளவும் சொன்னதால் இந்தப் புத்தகங்கள் குப்பை என்று அர்த்தமில்லை. அலுவலகத்துக்குள் யாருக்கு யாரோடு ஆகாது, எஃப்பிஐயும் சிஐஏவும் ஒரு கைதிக்காக எப்படி முட்டிக்கொண்டன, காலைக் கூட்டத்தில் அதிபருக்கு எதைச் சொன்னால் பிடிக்கும் என்பதெல்லாம் ஆவணங்களில் கிடைக்காது, இங்கே தாராளமாகக் கிடைக்கும். காரணகாரியம், புகழ், பழி இந்த மூன்றுக்கு மட்டும் தனியாக இன்னொரு ஆதாரம் தேடுங்கள்.

எங்கே தேடுவது? செப்டம்பர் 11 ஆணைய அறிக்கை (2004), சில்பர்மன்-ராப் அறிக்கை, செனட் அறிக்கைச் சுருக்கமும் அதற்குச் சிஐஏ கொடுத்த மறுப்பும் எல்லாம் இணையத்தில் இலவசம். பிரிட்டன் பக்கத்துக்கு, இராக் போரில் அந்த நாட்டின் பங்கை ஆராய்ந்து 2016-இல் வந்த சில்காட் அறிக்கை. பழைய காலத்துக்கு ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசியப் பாதுகாப்பு ஆவணக் காப்பகம். புத்தகத்தின் பெயரகராதியில் எதிராளியின் பெயரைத் தேடி, அந்தப் பக்கங்களை முதலில் படித்து, அதே தேதிகளை இவற்றில் ஒத்துப்பார்த்தால் ஒரு வார இறுதியில் ஒரு அத்தியாயத்தை முடித்துவிடலாம். முழுப் புத்தகத்தையும் ஒரே மூச்சில் சரிபார்க்கக் கிளம்புகிறவர்கள் நாலாவது அத்தியாயத்தில் களைத்துவிடுகிறார்கள்.

எதில் தொடங்குவது என்றால், சூஃபானில். அவர் புத்தகம் கறுப்புக் கோடுகள் நீங்கி 2020-இல் மறுபடி வந்தது. 2011 பதிப்பு பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும். இரண்டையும் அபு சுபைதா அத்தியாயத்தில் விரித்து வைத்து, கறுப்பாக இருந்த ஒவ்வொரு இடத்துக்கும் நேரே புதிய பதிப்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பல இடங்களில் அங்கே இருப்பது 'நான்' மட்டும்தான்.